ரவிவர்மா லட்சுமி படத்தைக் கழுவலாமா?

மாட்டுங்காக்காரன்:
எங்கள் பூஜை அறையில் ரவிவர்மா பிரஸ் லட்சுமி படம் இருக்கிறது. புடவையில் ஜரிகை ஒட்டியது. காகிதம் பழுத்துவிட்டது, ஓரமெல்லாம் புள்ளிக் கறை, நெற்றியில் கண்ணாடி போடாத காலத்துக் குங்குமம். கழுவி, லேமினேட் செய்து, முகத்துக்கு டச்சப் கொடுத்தால் புதுசாகிவிடும் என்கிறார் ஃபிரேம் கடைக்காரர். செய்யலாமா?

செம்பூர்_வாசகி:
லேமினேஷன் வேண்டவே வேண்டாம் சார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை அப்புறம் உரிக்க முடியாது. எதையும் தொடாமல் விடுங்கள்.

முலுண்டு_மணி:
தொடாமல் விட்டால் பொடிந்துபோகும், மேடம். மரக்கூழ்க் காகிதத்தில் உள்ள லிக்னின் நாளாக ஆக அமிலம் கக்கி நாரை அரிக்கும். பின்னால் வைத்த மலிவு அட்டையும் தன் பங்குக்கு அமிலம் ஊட்டும். தண்ணீரில் ஊறவைத்தால் பழுப்பும் அமிலமும் கரைந்து வரும். அச்சுப் படங்களுக்கு இது வழக்கமான சிகிச்சைதான்.

செம்பூர்_வாசகி:
வெறும் காகித அச்சுக்குச் சரி. இது ஓலியோகிராஃப். நிறத்துக்கு ஒரு அச்சுக்கல் என்று எண்ணெய் மையில் அச்சடித்து, மேலே வார்னிஷ் பூசியது. நனைந்தால் காகிதம் உப்பும், வார்னிஷ் உப்பாது, வெடித்துவிடும். பசையில் ஒட்டிய ஜரிகையும் கையோடு வந்துவிடும்.

கல்லச்சுப்_பைத்தியம்:
இடையில் ஒன்று. 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அது, பிறகு லோனாவாலா பக்கம் மளவ்லிக்குப் போனது. லட்சுமி ஏராளமாக அச்சானவள், அதனால் அபூர்வம் என்று விலை பேச வராதீர்கள். ஆனால் ஜரிகை வேலை வீட்டுக்கு வீடு வேறு. உங்கள் படத்தில் ஒரே பிரதி என்று சொல்லத்தக்கது அதுதான்!

முலுண்டு_மணி:
வார்னிஷ் இருந்தால் கழுவ வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். அட்டையையாவது அமிலமில்லாததாக மாற்றுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவே மவுண்ட், அதாவது அட்டைச் சட்டம், வையுங்கள். மும்பை மழைக்காலத்தில் ஈரப்பதம் 65 சதவீதம் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும், செலோடேப் கூடாது. ஆனால் குங்குமம் போகத்தான் வேண்டும்.

செம்பூர்_வாசகி:
ஏன்? அது அழுக்கில்லை. யாரோ கும்பிட்டு வைத்தது.

முலுண்டு_மணி:
அப்போது விளக்குக் கரியும் பக்திதானா?

செம்பூர்_வாசகி:
கரி தானாகப் படிந்தது. பொட்டு ஒரு கை வைத்தது. இரண்டும் ஒன்றா?

மாட்டுங்காக்காரன்:
பொட்டைத் தொட்டால் வீட்டுக்குள் வராதே என்கிறார் அம்மா. அந்தப் பேச்சு முடிந்தது. அட்டையை மாற்றலாம் என்று ஃபிரேமைப் பிரித்தேன், வலது மூலை கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. மெல்ல இழுக்கலாமா?

முலுண்டு_மணி:
இழுக்காதீர்கள்! வார்னிஷும் மையும் கண்ணாடியோடு போய்விடும்.

செம்பூர்_வாசகி:
இதில் மணி சார் பக்கம்தான் நான். கண்ணாடியோடு அப்படியே படுக்கைவாக்கில் வைத்து எடுத்துப்போங்கள். கோட்டை வட்டாரத்தில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயா அருங்காட்சியகத்தில் கலைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது, அங்கே முதலில் விசாரியுங்கள்.