மூன்று விரல் உப்பு

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக் கூரையை 2023-ஆம் ஆண்டு பழுது பார்த்தபோது, வேலைக்கு வந்த மூன்று வங்காளதேசத் தொழிலாளர்களில் இளையவருக்கு இரண்டாம் நாள் காலையிலேயே கடும் வயிற்றுப்போக்கு கண்டுவிட்டது. கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல நான் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் மூத்தவர் அடுப்படி வாசலில் நின்று, “காக், காராம் அடா?” என்று என் மனைவியிடம் உப்புக் கேட்டார். ஆறவைத்த வெந்நீரில் மூன்று விரல்களால் கிள்ளிய உப்பைப் போட்டார். வெல்லம் இல்லையென்றதும், எங்கள் வீட்டிலிருந்த குலா மெலாக்கா என்ற தென்னஞ்சர்க்கரையைச் சுரண்டி ஒரு கைப்பிடி அளந்து கரைத்தார். கரண்டியை அவர் தொடவே இல்லை. தான் முதலில் ஒரு வாய் சுவைத்துப் பார்த்துவிட்டுத்தான் தம்பிக்குப் புகட்டினார்.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். வீடு தேடி வந்த ஒரு பெண்மணி தம் தாயாருக்குச் சொல்லிக்கொடுத்ததாகவும், தாயாரைப் பார்த்துத் தாம் பழகியதாகவும் சொன்னார்.

அந்தப் பெண்மணியை அனுப்பியது பிராக் என்ற வங்காளதேசத் தொண்டு நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும். ஃபசுலே ஹசன் அபேத் தொடங்கிய அந்நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் 1980 முதல் 1990 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நேரில் சென்று இந்தக் கரைசலைக் கற்பித்தார்கள். தாய்மார்கள் எந்த அளவுக்கு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அவர்களுக்கு ஊதியம் கிடைத்தது. அந்தப் பத்தாண்டு எப்படிப்பட்டது என்பதைத்தான் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1981-இல் அதிபர் சியாவுர் ரகுமானை ராணுவ அதிகாரிகளே சிட்டகாங்கில் சுட்டுக் கொன்றார்கள். 1982-இல் தளபதி எர்ஷாத் ஆட்சியைக் கைப்பற்றினார். 1990-இல் மக்கள் கிளர்ந்தெழுந்த பிறகே அவர் இறங்கினார். நாட்டில் இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண்கள் வயல் வரப்புகளில் நடந்து வீடு வீடாகப் போனார்கள்.

இதைக் கேட்ட என் மைத்துனர், “பட்டாளம் ஆண்ட நாடு எங்கே மாமா உருப்படும்? அதனால்தானே கூட்டம் கூட்டமாக இங்கே வருகிறார்கள்?” என்றார். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிய தாத்தாவின் பேரர்களான நாம் அப்படிப் பேசலாமா என்று எனக்கு மனம் வலித்தது. ராணா பிளாசா கட்டடம் 2013-இல் இடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டதையோ, 2024-இல் மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததையோ நான் மறுக்கவில்லை. ஆனால் விடுதலை பெற்ற காலத்தில் சராசரியாக ஆறேழு பிள்ளைகள் பெற்ற பெண்கள் இன்று இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எத்தனையோ குழந்தைகளைச் சாகக்கொடுத்த வீடுகளில் இன்று குழந்தைகள் பிழைத்து வளர்கிறார்கள். நாற்காலிச் சண்டையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படுவதில்லை.

மாலையில் இளையவர் கஞ்சி குடித்துத் தெளிந்து உட்கார்ந்தார். மூத்தவர் தம் நாட்டின் பத்மா ஆற்றுப் பாலத்தைக் கைப்பேசிக் காணொளியில் காட்டினார். 6.15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்துக்குத் தருவதாக இருந்த கடனை உலக வங்கி 2012-இல் ரத்து செய்த பிறகு, சொந்தப் பணத்தில் கட்டி 2022-இல் திறந்தார்கள். தம் ஊர் அக்கரையில் இருப்பதாகவும், முன்பெல்லாம் படகுத்துறையில் இரவு முழுவதும் காத்துக் கிடந்ததாகவும் அவர் சொன்னார். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை தீவுக்கும் கரைக்கும் இடையே ஓடிய பட்டர்வொர்த் பெர்ரிக்காக வரிசையில் நின்ற நான், அந்தக் காணொளியை இரண்டாம் முறையும் போடச் சொல்லிப் பார்த்தேன்.