மதுரையில் சிலம்பம் கற்க நல்ல கூடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:
வணக்கம். ஒன்பது வயதாகும் என் மகளைச் சிலம்பத்தில் சேர்க்க விரும்புகிறேன். நடந்து போகும் தொலைவில் இரண்டு கூடங்கள் இருக்கின்றன. ஒன்றில் சேர்ந்த மறுவாரமே பிள்ளைகள் இரட்டைக் கம்பு சுற்றுகிறார்கள். சுவர் முழுவதும் கோப்பைகள். மற்றொன்றில், கோயிலுக்குப் பின்னாலுள்ள திடலில், முதிய ஆசான் ஒருவர் புதியவர்களைக் கம்பைத் தொடவிடாமல் வெறுங்காலுடன் காலடி, அதாவது கால்களை வைத்து நகரும் முறை, மட்டுமே பழக்குகிறார். மகளுக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

மறுமொழி 1:
அம்மா, காலடி பழகாமல் கம்பைப் பிடித்த பிள்ளை மணிக்கட்டால் அழகாகச் சுற்றுமே தவிர, எதிரில் ஒருவர் கம்போடு வந்து நின்றால் எந்தப் பக்கம் நகர்வதென்று தெரியாமல் திகைத்துவிடும். ஒரு மாலை திடலோரம் உட்கார்ந்து மூத்த மாணவர்களைக் கவனியுங்கள்: சுற்றும்போது பார்வை கம்பின்மேல் இருக்கிறதா, எதிராளியின்மேல் இருக்கிறதா? கம்பையும் பாருங்கள். ஆடுபவரின் நெற்றி உயரத்துக்கு வெட்டித் தருவது வழக்கம்; ஏழு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் ஒரே கம்பை நீட்டும் இடத்தில் அக்கறை குறைவு என்றே நான் கொள்வேன்.

மறுமொழி 2:
கோப்பைகளைப் பற்றி ஒரு சொல். என் மகன் முன்பு பயின்ற கூடத்தில், 'உலக சாதனை' என்று கூறி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் இரண்டு மணி நேரம் ஓயாமல் கம்பு சுற்றவிட்டு, சான்றிதழுக்கும் பதக்கத்துக்கும் தனித்தனியாகப் பணம் வாங்கினார்கள். அன்றிரவு அவனால் தோளைத் தூக்கிச் சட்டையைக் கழற்ற முடியவில்லை. தமிழக அரசுப் பணிக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்ட பிறகு இத்தகைய தாள்களுக்கு மதிப்பு கூடிவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். அந்த ஒதுக்கீட்டில் கணக்கில் கொள்ளப்படுவது அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் வெற்றிதான் என்பதால், சுவரிலுள்ள சான்றிதழை யார் வழங்கினார்கள் என்று நின்று படியுங்கள்.

மறுமொழி 3:
முந்தைய இருவரோடும் உடன்படுகிறேன். ஆனால் அழகாகக் கம்பு சுற்றிக் காட்டும் அலங்கார வீச்சை இளக்காரமாக எண்ண வேண்டாம். எதிராளி இல்லாமல் தனியாகச் சுற்றிக் காட்டும் தனித்திறமைப் பிரிவுகளுக்கும் போட்டிகளில் இடமுண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது நினைவிருக்கலாம். பெண் பிள்ளை என்பதால் இன்னொன்று: பயிற்சி நேரத்தில் பெற்றோர் உட்கார்ந்து பார்க்க எப்போதும் அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள். தயங்கினால் அந்தக் கூடம் வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நேற்று மாலை திடலுக்குப் போயிருந்தோம். ஆசான் மகளை நிறுத்தி, இடக்காலை முன்வைத்துத் திரும்பச் சொன்னார்; மூன்றாம் முறை தடுமாறி விழுந்தவள், தானே எழுந்து, மறுபடியும் செய்யலாமா என்று கேட்டாள். திங்கட்கிழமை சேர்க்கிறோம்.