பைபாஸ் பாலம் முடிஞ்சும் தார் ஏன் போடேல்லை?

கேள்வி: எங்கட வன்னிப் பக்கம் ஆத்துப் பாலத்துக்குத் தளமும் போட்டாச்சு. ரெண்டு கரையிலயும் மண் நிரப்பிப்போட்டுச் சும்மா விட்டிருக்கினம். ஏன்?

பதில் 1: சும்மா இல்லை. கிறவலை 20 சென்ரிமீற்றர் படையாக் கொட்டி, தண்ணி தெளிச்சு, ரோலர் ஓட்டி, படைக்குப் படை இறுக்கம் சோதிக்கவேணும். அடியில களிமண் எண்டால் பாரம் ஏறினபிறகும் மாதக்கணக்கில இறங்கும். பாலம் பைல்ல, அதாவது நிலத்துக்குள்ள ஆழமா இறக்கின தூணுகளில நிக்குது, அது இறங்காது. அவசரப்பட்டுத் தார் போட்டால் பாலம் தொடங்கிற இடத்தில படி விழும், பஸ் துள்ளும்.

பதில் 2: கரைச் சுவருக்குப் பின்னால சல்லிப் படையும் தண்ணி வடியிற ஓட்டையளும் இருக்கோ பாருங்கோ. இல்லாட்டில் மாரித் தண்ணி தேங்கிச் சுவரைத் தள்ளும். அதைவிடப் பெரிய பயம் வீதிக்குக் கீழால தண்ணி போற மதகு காணாமல் போறதுதான். அப்பிடியெண்டால் குளம் நிரம்பி வான் பாயேக்க வீதியே அணைக்கட்டாகி, தண்ணி வயலை மூடும்.

கேட்டவர்: ஒரு மதகுதான் தெரியுது.

பதில் 2: அப்ப ஐப்பசிக்கு முதல் பிரதேச செயலகத்தில வீதி வரைபடத்தைக் கேட்டு, எத்தினை மதகு எண்டு பாருங்கோ.