மேலொப்பம் இல்லாத இரண்டு ஆண்டுகள்

முனைவர் பட்டம் முடித்துவிட்டு முதல் வேலைக்கு அலையும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் தாவரவியலில் 2017இல் பட்டம் பெற்றேன். வாய்மொழித் தேர்வு முடிந்த மறு மாதமே ஒரு சுயநிதிக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு தாளாளர் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே போனபோது அதை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கொல்லிமலையில் ஐந்து ஆண்டுகள் ஏறி இறங்கிச் சேகரித்த பெரணிகளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. "உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து எத்தனை பிள்ளைகளைச் சேர்த்துவிடுவீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி.

சம்பளம் 14,000 ரூபாய். அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால் அன்றே பணி ஆணை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் முனைவர் பட்டம் வரை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கி, பழுப்பு உறையில் போட்டு, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார் எழுத்தர். வாங்கிக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்திருந்தார். வேலை கிடைத்ததே பெரிது என்றிருந்தது.

வகுப்பறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதலாண்டு மாணவிகளுக்குச் செம்பருத்தியைப் பிளேடால் கீறி, சூல்தண்டைச் சுற்றிக் குழாயாக நிற்கும் மகரந்தத் தாள்களைக் காட்டினேன். "தினமும் தலையில் வைக்கிற பூ மேடம், உள்ளே பார்த்ததே இல்லை" என்றாள் ஒருத்தி. அந்த முகத்துக்காகவே இரண்டு ஆண்டுகள் ஓடின.

2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுக் கல்லூரிகளில் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. மொத்தம் 34 மதிப்பெண்ணில் கற்பித்தல் அனுபவத்துக்கு மட்டும் 15. ஆண்டுக்கு இரண்டு வீதம். கல்வித் தகுதிக்கு 9, நேர்முகத் தேர்வுக்கு 10. எனக்கு நான்கு மதிப்பெண் உறுதி என்று நம்பினேன். ஆனால் கல்லூரி தரும் அனுபவச் சான்றிதழில் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரின் மேலொப்பம் வேண்டும்; அதாவது, அந்தச் சான்று சரிதான் என்று அவரும் கையொப்பமிட வேண்டும். அதற்காக ஆவணங்களைத் தேடியபோதுதான் தெரிந்தது: கல்லூரி பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய ஆசிரியர் பட்டியலில் என் பெயரே இல்லை. இவர் பாடம் நடத்தத் தகுதியானவர் என்று பல்கலைக்கழகம் தரும் தகுதி ஒப்புதலுக்கு என் விவரங்களை அனுப்பவும் இல்லை. சம்பளம் கையில் கொடுத்த பணம் என்பதால் வங்கிக் கணக்கிலும் சுவடு இல்லை. நான் நடத்திய பாடம், திருத்திய விடைத்தாள் எதுவும் காகிதத்தில் நடக்கவில்லை. நாற்பது பேர் எதிரில் நின்று பாடம் எடுத்த ஒருத்தி அங்கே இருந்ததற்கே சான்று இல்லை என்பதை இன்றும் என்னால் ஆறப் போட முடியவில்லை.

வேலையை விட்டபோது மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிய பிறகே பழுப்பு உறை கைக்கு வந்தது. அம்மாவின் வளையல் அதற்காக அடகுக்குப் போனது. அந்தப் பணிநியமன அறிவிப்பும் பின்னர் கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு எழுத்துத் தேர்வுடன் புதிய அறிவிப்பு வந்தது.

ஆகவே, பணியில் சேரும் அன்றே கேளுங்கள்: பல்கலைக்கழகத் தகுதி ஒப்புதலுக்கு என் பெயரை எப்போது அனுப்புவீர்கள், சம்பளம் வங்கி வழியாக வருமா? கேட்டால் வேலை போய்விடும் என்று பயமாக இருக்கும்; எனக்கும் இருந்தது. இன்னொன்று, உங்கள் பட்டம் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) எந்த ஆண்டு விதிமுறைப்படி அளிக்கப்பட்டது என்ற சான்றிதழைப் பல்கலைக்கழகத்திலிருந்து இப்போதே வாங்கி வையுங்கள். நெட், செட் எனப்படும் தேசிய, மாநில விரிவுரையாளர் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சி இல்லாதவர்களிடம் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பிறகு ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தேன். கண்காணிப்பாளர் அசல்களை நகல்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழும் முன்பே திருப்பிக் கொடுத்தார். எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். நான் இரண்டு முறை எண்ணினேன்.