புதுப்பிப்பு: பாம்பனுக்கும் ஜேஜுவுக்கும் நடுவே போய்வரும் ஒலிகள்

பாம்பன் தீவின் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களின் கடல்வேலை ஒலிகளை நானும், தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ எனப்படும் கடலில் முங்கும் பெண்களின் ஒலிகளை அங்குள்ள ஒரு கலைஞரும் பதிவுசெய்து, சேர்ந்து ஒரே படைப்பாக்கப் போகிறோம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

முதல் பகுதி தயார். ஹேன்யோக்கள் ஆக்சிஜன் உருளை இல்லாமல் மூச்சடக்கி முங்கி, சங்கும் பாசியும் எடுப்பவர்கள்; அவர்களின் பண்பாடு 2016-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மேலே வந்ததும் அடக்கிய மூச்சைச் சீழ்க்கையாக விடுவார்கள். அந்தப் பதிவைச் சின்னப்பாலம் கரையில் பெண்களுக்குப் போட்டுக் காட்டினேன். "யாரு தாயி இவ, இம்புட்டு நேரம் தம் கட்டியிருக்கா!" என்றார் ஒரு அக்கா. எல்லாரும் மறுபடி போடச் சொன்னார்கள்.

இங்கிருந்து போனது, விரலில் துணி சுற்றிப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் ஒலி. கச்சான் காற்றில் பாதிப் பதிவு வீண்.

நான் எதிர்பார்க்காத அளவுக்கு வளர்ந்தது பேச்சுதான். மாதத்துக்கு எத்தனை நாள் கடலுக்குப் போவீர்கள் என்று அங்கிருந்து கேட்டார்கள். 12 நாள்தான், நாங்களே வைத்த கட்டுப்பாடு என்று இவர்கள் சொல்ல, அங்கும் ஊர்ச்சங்கம்தான் நாள் குறிக்கிறது என்று பதில் வந்தது. இந்த உரையாடலையும் படைப்புக்குள் வைக்கிறோம். அது இல்லாமல் வெறும் அலையோசை போதாது.

அடுத்து அம்பாப் பாட்டு, அதாவது கடல்வேலையின்போது மீனவர்கள் பாடும் பாட்டு. மண்டபம், தொண்டி பக்கம் யாரிடமாவது பழைய ஒலிநாடா இருந்தால் சொல்லுங்கள். பாடியவர் பெயரோடுதான் சேர்ப்போம்.