ஐ சிங்கைப் பார்த்துத்தான் லைப்னிட்ஸ் பைனரி கண்டுபிடித்தாரா?

கேள்வி:
0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எண்களை எழுதும் பைனரியை ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் அப்படித்தான் கண்டுபிடித்தார் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். ஐ சிங் என்பது எதிர்காலம் பார்க்கும் பழைய சீன நூல், அதில் ஆறு கோடுகளால் ஆன 64 குறிகள். உடைந்த கோடு 0, முழுக்கோடு 1, அடிக்கோடு முதல் இலக்கம் என்று வைத்து ஐ சிங்கின் முதல் நான்கு குறிகளை எழுதினால் 63, 0, 34, 17 என்று வருகிறது. வரிசையே இல்லையே, எங்கே பிசகு?

மறுமொழி 1:
கணக்கில் பிசகில்லை. நீங்கள் எடுத்தது பழஞ்சீன மன்னர் வென் பெயரில் வழங்கும் வரிசை. அதில் எண் ஏறாது, குறிகள் ஜோடியாக நிற்கும். 32 ஜோடிகளில் 28-ல், ஒன்றைக் கவிழ்த்தால் மற்றது. உங்கள் 34-ஐயே பாருங்கள்: 100010 கவிழ்ந்தால் 010001, அதாவது 17. மிச்சம் நாலு ஜோடியும் கவிழ்த்தாலும் மாறாதவை. அங்கே கோடுகள் எதிர்மாறாகும், 63-க்குப் பக்கத்தில் 0 நிற்பது அதனால்தான்.

லைப்னிட்ஸ் பார்த்தது 11-ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் ஷாவ் யோங்கின் வரிசை. ஒன்றை இரண்டாக, இரண்டை நாலாகப் பிளந்துகொண்டே 64 வரை போவது அவர் முறை. பைனரி ஒழுங்கு தானாக வந்துவிடும். குன் என்ற குறி 000000, அடுத்து போ 000001, பி 000010, குவான் 000011. மேல்கோட்டிலிருந்து வாசித்தால் போ 32 ஆகி எல்லாம் குலையும். பலர் சறுக்குவது இங்கேதான்.

மறுமொழி 2:
வீடியோ சொல்வதை மறுக்க ஒரு தேதி போதும். லைப்னிட்ஸின் பைனரி கைப்பிரதி 1679 மார்ச் 15. பெய்ஜிங்கிலிருந்து இயேசு சபைத் துறவி புவே அனுப்பிய ஷாவ் யோங் வரிசைப் படம் அவர் கைக்கு வந்தது 1703 ஏப்ரலில். கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே வைத்திருந்ததை அங்கே அடையாளம் கண்டார். அதுவும் ஆதி அரசர் ஃபூசி வரைந்தது என்று நம்பிக்கொண்டு!

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அவருக்கு 1 கடவுள், 0 சூனியம், இல்லாமையிலிருந்து படைப்பு. ஆனால் யின், அதாவது உடைந்த கோடு, சூனியமல்ல. ஆறும் யின்னான குன் என்பது பூமி, எல்லாவற்றையும் தாங்கி விளைவிப்பது. அதற்கு 0 போட்ட இடத்திலேயே உரையாடல் தடம் மாறிவிட்டது.

மறுமொழி 3:
கோட்டுக்கு இரண்டே மதிப்பு என்பதும் படத்தில் மட்டும்தான். ஐ சிங்கை வைத்து எதிர்காலம் பார்க்கும்போது நாலு: 6, 7, 8, 9. இதில் 6, 8 யின்; 7, 9 யாங், அதாவது முழுக்கோடு. 50 குச்சியில் ஒன்றை ஒதுக்கி 49-ஐப் பிரித்தால், 16-க்கு 6 வரும் வாய்ப்பு ஒரு பங்கு, 9 மூன்று, 7 ஐந்து, 8 ஏழு. மூன்று காசு போட்டால் அதே வரிசையில் 2, 2, 6, 6 என்று மாறிவிடும், இரண்டும் ஒன்றென்று நினைக்காதீர்கள். 6 வந்தால் அந்த யின் யாங்காகும், 9 வந்தால் யாங் யின்னாகும். பைனரியில் 0 தானாக 1 ஆகாது.