கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்

ஒரு அம்மா, கோவை:

பிள்ளையை எந்தக் கவுன்சலரிடம் கூட்டிப் போகலாம் என்று இங்கே பலரும் கேட்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கவுன்சலிங்கே வேண்டாம் என்று பயமுறுத்த வரவில்லை. என் மகன் இன்றைக்கும் ஒரு கவுன்சலரிடம் போகிறான், நல்ல மனுஷி. முதலில் போன இடம்தான் வேறு.

அப்போது அவன் ஆறாம் வகுப்பு. பேச்சில் திக்கல், கணக்கு என்றாலே பயம். பள்ளியில் ஒருவரைச் சொன்னார்கள். போர்டில் பெயருக்குப் பின்னால் இரண்டு வரிக்குப் பட்டங்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி, ஒரு மணி நேரம். முதல் நாளே என்னிடம், "நீங்க பக்கத்துல இருந்தா பையன் மனசு விட்டுப் பேச மாட்டான், வெளிய உக்காருங்கம்மா" என்றார். நியாயமாகத்தான் பட்டது. கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பேசுவதற்கு எதற்குத் தாழ்ப்பாள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. நாலு மாதம் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்தேன்.

இரண்டாவது மாதத்தில் ஒரு மாற்றம். வீட்டில் எந்நேரமும் எலாஸ்டிக் வைத்த ட்ரவுசர்தான் போடுவான். சனிக்கிழமை மட்டும் ஸ்கூல் பேண்ட்டும் பெல்ட்டும். அந்த பெல்ட்டையும் கடைசி ஓட்டை வரைக்கும் இழுத்து மாட்டுவான். மூச்சு முட்டுமே கண்ணு என்று தளர்த்திவிட்டால் திரும்ப இறுக்கிக்கொள்வான். பெரிய பையன் ஆகிறான், டிப்டாப்பாகப் போகணும்னு நினைக்கிறான் என்று அவன் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அப்புறம் வெள்ளிக்கிழமை ராத்திரியே வயிற்று வலி ஆரம்பித்தது. கணக்குப் பரீட்சைக்கும் அவனுக்கு வயிறு வலிக்கும் என்பதால் அதே பயம்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, கவுன்சலிங்னா உடம்பெல்லாம் செக்கப் பண்ணுவாங்களா?" என்று கேட்டான். திக்கவே இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்தானோ.

அன்று ராத்திரி வீட்டில் பெரிய சண்டை. "பேர் கெட்டுப் போயிரும், ஆம்பளப் பையன்தானே, மறந்துருவான் விடும்மா" என்றார் மாமனார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பெண் குழந்தைகளுக்கு மட்டும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார், நானும் நினைத்திருந்தேன். பதினெட்டு வயதுக்குக் கீழே எந்தக் குழந்தைக்கும் அது பொருந்தும். குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிட்டால் அதுவே தனிக் குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ல் பேசியவர்தான் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஒரு எஸ்.ஐ. அம்மா வீட்டுக்கே வந்தார், சுடிதாரில். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது யூனிபார்ம் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். தரையில் அவனோடு உட்கார்ந்து அரை மணி நேரம் கிரிக்கெட் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு முறை சொன்னான். கேஸ் பதிவானது தெரிந்து இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்தன. அதில் ஒரு பையன் எங்களுக்கு ஆறு வருடம் முன்னாலேயே அந்த ஆளிடம் போனவன்.

விசாரணையைக் கூடிய மட்டும் ஒரு வருடத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு மூன்றரை வருடம் ஆனது. கோர்ட்டில் நடுவே திரை போட்டிருந்தார்கள், அவன் அந்த ஆளைப் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பதை நீதிபதிதான் அவனிடம் எளிமையாகத் திருப்பிக் கேட்டார். "அது சிகிச்சையில ஒரு பகுதி" என்பதுதான் கடைசி வரை அவர்கள் வாதம். ஐந்து வருடம் தண்டனை விதித்தார்கள். தீர்ப்பு வந்த வாரமே அந்த போர்டைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருக்கிறது. நான் அந்த வழியாகப் போவதில்லை, அவன் அப்பா சொன்னார்.

சான் மேட்டியோவிலிருந்து ஒருவர்:

சகோதரி, "சிகிச்சையில் ஒரு பகுதி" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் கலிபோர்னியாவில் சான் மேட்டியோ கவுண்டியில் இருக்கிறேன். இங்கே வில்லியம் அயர்ஸ் என்ற குழந்தை மனநல மருத்துவரின் வழக்கிலும் வாதம் இதுவேதான்: நான் மருத்துவர், உடல் பரிசோதனை செய்வேன்.

சாதாரண ஆள் இல்லை. அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர்களின் தேசியச் சங்கத்துக்கே 1990களில் தலைவராக இருந்தவர். இளஞ்சிறார் நீதிமன்றம், பள்ளிகள், குழந்தை மருத்துவர்கள் என்று எல்லாரும் சிறுவர்களை அவரிடம் அனுப்பினார்கள். 1987லேயே ஒரு பையன் போலீசில் சொல்லியிருக்கிறான், வழக்குப் போடவில்லை. 2002ல் குழந்தைகளுக்குச் செய்த சேவைக்காக என்று கவுண்டியே அவரைக் கௌரவித்தது. 2007ல்தான் கைது. 2009 விசாரணையில், தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்குள் ஒத்த முடிவு வரவில்லை. அடுத்து மறதி நோய் என்று சொல்லி வழக்கைத் தாங்கும் நிலையில் இல்லை என்றார்கள், மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர்கள் நடிக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். கடைசியில் 2013 மே மாதம் எட்டுக் குற்றச்சாட்டுகளை எதிர்த்து வாதாடாமல் ஒத்துக்கொண்டார். ஆகஸ்டில் எட்டு வருடத் தண்டனை. 2016ல் சிறைவாசத்திலேயே செத்துப்போனார். அப்போது வயது எண்பதுக்கு மேல்.

எனக்குப் பொறுக்காத இடம் ஒன்று உண்டு. முன்வந்தவர்களில் பலர் நாற்பது, ஐம்பது வயது ஆண்கள். காலம் கடந்துவிட்டது என்று அவர்கள் வழக்கு சேர்க்கப்படவே இல்லை. காலாவதியான குற்றத்துக்குப் புதுச் சட்டம் போட்டு வழக்குத் தொடர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003ல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதுவும் கலிபோர்னியா வழக்கு ஒன்றில்தான். நம் ஊரில் போக்சோ புகாருக்குக் காலக்கெடு இல்லை என்று மத்திய அரசு 2018ல் தெளிவுபடுத்தியது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அது தேவைப்படலாம்.

பள்ளிக் கவுன்சலர், மதுரை:

அக்கா, நான் இதே வேலையில் இருக்கிறேன். பதில் எழுத இரண்டு நாள் ஆனது.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். எண்ணைக் கேளுங்கள், சரிபாருங்கள். வெறும் கவுன்சலர் என்று போர்டு மாட்ட இத்தனை காலமாக அப்படி ஒரு பதிவும் கேட்டதில்லை. ஆனால் மேலே அண்ணன் எழுதியதைப் பாருங்கள், அந்த ஆளுக்கு இல்லாத பதிவா? அதனால் நான் பட்டத்தைவிட அறையைப் பார்க்கச் சொல்கிறேன். குழந்தை பேசுவது வெளியே கேட்கக் கூடாது, அது சரி. உள்ளே நடப்பது தெரியக் கூடாது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. என் அறைக் கதவில் மார்பளவு உயரத்தில் கண்ணாடி வைத்திருக்கிறேன், உள்ளே தாழ்ப்பாளே கிடையாது. போன வருடம் ஒரு அப்பா வந்தவுடன் நேராகக் கதவுக்குப் பின்பக்கம் போய்த் தடவிப் பார்த்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பள்ளிக்காரர்களுக்கு ஒன்று. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருடம் வரை சிறை. "நாங்களே விசாரிச்சுக்கறோம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதே அம்மா, கோவை:

இரண்டு பேருக்கும் நன்றி. மகன் எப்படி இருக்கிறான் என்று தனியாகக் கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பதினேழு வயது ஆகிறது. கோபம் வந்தால் திக்கும், மற்றபடி நன்றாகப் பேசுகிறான். போன மாதம் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். "நானும் உள்ள வரட்டுமா கண்ணு?" என்றேன். "வேண்டாம்மா. கதவ மட்டும் சாத்த வேண்டாம்னு சொல்லிரு" என்றான். சொன்னேன். அந்த டாக்டர் ஏன் என்று கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.